பச்சைப் பொட்டுக்கு ஒரு பத்லி

வேலை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால், அது வீட்டைவிட்டுப் போகாது என்று அப்போது நாங்கள் நம்பினோம். துறைமுகத்தில் கொக்கி மாட்டும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு அந்த நம்பிக்கை எல்லோரையும்விட அதிகம். “வாசல்ல கேட்டு இருந்தாத்தான கேட்டுல நிறுத்தி வெச்சித் திருப்பி அனுப்புவான்? இதுல கேட்டே கெடையாதே” என்று திருவொற்றியூரில் எங்கள் தெருவில் விசாரித்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி மென்பொருள் எழுதுபவன். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தை அம்மாவின் சிறுநீரகங்களுக்காக இழந்தவன். ரத்தச் சுத்திகரிப்புக்கு அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கவும், திரும்பும்போது மாடிப்படி ஏற்றவும் ஒரு ஆள் வேண்டும். அப்பாவின் முதுகு அதற்கு இடம் கொடுக்காது. நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் விடுப்புகள் எல்லாம் தீர்ந்திருந்தன. எனவே வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தம்பியை வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி எடுத்துக்கொண்டபோது, அதை ஒரு வேலையாக நாங்கள் பார்க்கவில்லை. அம்மாவுக்கு நீட்டித்துக் கிடைத்த ஆயுளாகவே பார்த்தோம்.

அம்மாவின் தையல் இயந்திரத்தின் மூடிமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவன் வேலை செய்தான். நண்பகலுக்குமேல்தான் அவர்களுக்குப் பொழுது விடியும். காலை முழுவதும் அம்மாவுக்கு, மாலை முழுவதும் நிறுவனத்துக்கு என்று நாள் அழகாகப் பிரிந்திருந்தது. வெளியே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒலிப்பான் அடிக்கும்போதெல்லாம், “கப்பலிலிருந்தா பேசுகிறாய்?” என்று குழுவினர் கேலி செய்வார்கள். அவனும் சிரித்து வைப்பான். அவனுக்கு மேலாளராக இருந்த பெண் கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவர், இப்போது அந்த நாட்டிலேயே குடியிருப்பவர் என்று தெரிந்த நாளில் அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். “நம்ம பாஷ பேசறவ. நம்ம கஸ்டம் புரியும்.”

திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அம்மா அதைப் பொட்டு என்பாள். சற்று நேரம் விசைகளையோ மவுசையோ தொடாமல் இருந்தால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் ஏன் என்று கேட்பார்கள். இதை எங்களுக்குச் சொல்லியிருந்த தம்பி, அந்தக் கணினி தனக்குத் தோன்றியபோதெல்லாம் எதிரில் இருப்பவரைப் படம் பிடித்து அனுப்பும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கிழிந்த நைட்டியோடு பின்னால் நடமாடும் அம்மா அதைக் கேட்டால் கூசிப்போவாள் என்று மறைத்திருக்கிறான்.

அன்று மருத்துவமனையில் அம்மாவின் முறை மதியத்துக்கு மாறிவிட்டது. தம்பிக்கு அது வேலை நேரம். நான் பள்ளியில் கெஞ்சி அரைநாள் வாங்கிக்கொண்டு அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில், வீட்டை நெருங்கிவிட்ட இடத்தில், லாரி வரிசைக்கு நடுவே ஆட்டோ நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அப்போதுதான் அம்மாவின் புடவை மடியில் ஈரம் பரவுவதைப் பார்த்தேன். ஊசி ஏற்றிய கையில் கட்டு நழுவி ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் இரு கைகளாலும் அழுத்தியும் அது நிற்கவில்லை. ஆட்டோக்காரர்தான் என் கைப்பேசியை எடுத்துத் தம்பியை அழைத்துக் காதருகில் பிடித்தார்.

மேலாளருக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். ரத்தம் என்ற சொல்லைக் கேட்டவன் செருப்புகூடப் போடாமல் லாரிகளுக்கிடையே ஓடி வந்தான். அம்மாவைத் தோளில் சாய்த்து, கையை உயர்த்திப் பிடித்தபடி, முனையில் இருந்த சிறிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ரத்தம் நின்றது. அம்மா பிழைத்தாள்.

அதே நேரத்தில் வீட்டில் அப்பா தனியாக இருந்தார். பொட்டு மஞ்சளாக மாறுவதைக் கண்டார்.

துறைமுகத்தில் பத்லி என்று ஒரு சொல் உண்டு. ஒருவன் வீட்டில் சாவோ பிரசவமோ நேர்ந்துவிட்டால், அவன் இடத்தில் நின்று அன்றைய வேலையை முடித்துக் கொடுப்பவன் பத்லி. மேஸ்திரிக்கு ஆள் மாறியிருப்பது தெரியும். தெரியாதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் பிறப்பின்போது அப்பாவுக்கு யாரோ பத்லி நின்றார்கள். அப்பா எத்தனையோ பேருக்கு நின்றிருக்கிறார். எனவே அவர் யோசிக்கவில்லை. லுங்கியோடும் தோளில் துண்டோடும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, மவுசை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பொட்டு பச்சையானது. சிறிது நேரத்தில் மேலாளரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது: இருக்கிறாயா? அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, எல்லாம் பெரிய எழுத்தில், ‘யெஸ் சார்’ என்று பதில் அனுப்பினார்.

அந்தப் பெண்ணை நிறுவனத்தில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.

மறுநாள் அவர் காணொளியில் அழைத்தார். சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். முதலில் ஆங்கிலத்தில் பேசினார். அப்பா அமர்ந்திருக்கும் படத்தைத் திரையில் காட்டி இவர் யார் என்றார். தம்பி நடந்ததைச் சொன்னான். மருத்துவமனைச் சீட்டைக் கேமராவுக்கு முன் தூக்கிக் காட்டினான். அதற்குமேல் பொறுக்காமல் அப்பா உள்ளே நுழைந்து, அவனை இடித்துக்கொண்டு திரைமுன் குனிந்தார்.

“யம்மா, நான்தாம்மா அது. அவன் மேல ஒரு தப்பும் கெடையாது. பத்லியா குந்திக்கினு இருந்தேன், அவ்ளோதான். ஒண்ணையும் தொடல. எலிய மட்டுந்தான் ஆட்டிகினு இருந்தேன்.”

அந்தப் பெண் தமிழுக்கு மாறினார். “ஐயா, நீங்க மொதல்ல உக்காருங்க. அம்மாவுக்கு இப்ப பரவாயில்லைங்களா?”

“கீறாம்மா. உன் புண்ணியத்துல கீறா.”

“எனக்குப் புரியுதுங்க ஐயா. ஆனா போன வருஷம் ஒருத்தரு நேர்காணல்ல வந்தாரு, உள்ள வேலை செஞ்சது வேற ஒருத்தரு. அவரை நம்பலாம்னு சொன்னது நாந்தாங்க. அதுக்கப்புறம் இங்க என் பேச்சு எடுபடறதில்லைங்க.”

“எங்க மேஸ்திரி இருந்தா மூஞ்சத் திருப்பிக்குவாரும்மா.”

“நான் திருப்பிக்கலாங்க. கேமரா திருப்பிக்காதுங்களே.” பிறகு தம்பியைப் பார்த்தார். “நீங்க சொல்றதை அப்படியே எழுதி மேல அனுப்பறேன். பத்லின்னா இங்கிலீஷ்ல என்னன்னு எழுதட்டும்? சொல்லுங்க.”

தம்பி திரைச்சீலைப் பக்கம் திரும்பினான். “எக்கா?”

வாழ்நாள் முழுவதும் சொற்களோடு வாழ்ந்தவள் நான். ஒரு சொல்லுக்குள் பக்கத்து வீட்டுச் சாவும், தெரிந்தும் தெரியாததுபோல் திரும்பிய முகமும், என் பிறப்பும் அடங்கியிருந்தன. அந்தப் பக்கத்து மொழியில் அதற்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்றுதான். ப்ராக்ஸி; ஆள்மாறாட்டத்துக்கும் அங்கே அதே சொல். நான் அதை உரக்கச் சொல்லவில்லை. தம்பியின் உதடுகளில் அதே சொல் உருவாகி நின்றுவிட்டதைப் பார்த்தேன். திரையில் இருந்தவரும் பார்த்துவிட்டார்.

“அந்த வார்த்தை உங்க ஒப்பந்தத்துலயே இருக்குதுங்க” என்றார் அவர் மெதுவாக. “எதுக்கு உடனே வேலையை விட்டு எடுக்கலாம்ங்கற பத்தியில.”

தம்பி மன்றாடினான். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் பார்க்கும்படி சொன்னான். இப்போதே, அவர் கண்ணெதிரிலேயே, எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்து காட்டுகிறேன் என்றான். அதுவரை அவன் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருக்கிறதா என்று அங்கே யாரும் ஐயப்படவில்லை என்பதுதான் கொடுமை. வேலையில் குறையில்லை, அதைச் செய்தது யார் என்பதை அவர்களால் இனி நம்ப முடியவில்லை. இன்னொரு நாட்டிலிருந்து ஒரு மனிதனை நம்புவதற்கு அவர்களிடம் இருந்தது அந்தப் பொட்டும் அந்தப் படமும் மட்டுமே. அவை இரண்டும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன. அந்தப் பெண்ணை அன்றும் நான் வெறுக்கவில்லை, இன்றும் இல்லை. அவர் தன் பங்கு நம்பிக்கையை ஏற்கெனவே வேறொருவனுக்குச் செலவழித்திருந்தார்.

இரண்டொரு நாளில் கணினி தானாகவே பூட்டிக்கொண்டது. பிறகு ஒரு கூரியர்காரர் வந்து அதை வாங்கிப் போனார்.

“திட்டுடா” என்று அப்பா அன்று மாலை தம்பியிடம் கேட்டார். “ஒரு வார்த்தையாச்சும் திட்டு. இப்டிக் கம்முனு இருந்தா எனுக்குப் பேஜாரா கீது.”

“இன்னான்னு திட்டறது நைனா? எனுக்கோசரந்தான குந்தின.”

“அதுக்குத்தான்டா சொல்றேன், திட்டு.”

தம்பி எழுந்து அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டான்.

வீட்டிலிருந்து செய்யும் வேறு வேலைகளுக்கு அவன் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தான். முந்தைய வேலை ஏன் போயிற்று என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். சொல்லி முடித்ததும் ‘பிறகு அழைக்கிறோம்’ என்று அந்தப் பக்கம் சொல்வதை நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். பொய் சொல்லிப் பார் என்று நானே ஒருநாள் சொன்னேன். “சொன்னா மட்டும் நம்பிடுவாங்களாக்கா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் காணாமல் இருந்திருக்கலாம்.

கடைசியில் பெங்களூரில், ஆளை நேரில் பார்த்து வேலை வாங்கும் ஓர் அலுவலகம் அவனை எடுத்துக்கொண்டது. விரல் ரேகை வைத்தால்தான் கதவு திறக்குமாம். புறப்படும் முன் அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் சரியாகச் சாய்த்துவிட்டு, எந்தக் கையைத் தொடக்கூடாது, படியில் எந்தப் பக்கம் தாங்க வேண்டும் என்று எனக்குச் செய்து காட்டினான். அப்பா வாசலில் நின்று அவன் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொடுக்க மனமில்லாதவரைப் போல நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளி வேலையை விட்டுவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். காலையில் அம்மாவை நான் ஒருபுறமும், முதுகைப் பிடித்துக்கொண்டு அப்பா ஒருபுறமுமாகப் படி இறக்குகிறோம். அம்மா பாரமாகத்தான் இருக்கிறாள். இந்த வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.