பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கார்

ஐம்பது தாண்டியவன், சில புத்தகங்கள் எழுதியவன், மேடைகளில் சால்வை வாங்கியவன் ஆகிய நான், காரில் உட்கார்ந்தபடி ஒரு பாலத்தைக் கடக்க மாட்டேன். பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடுவேன். என் மனைவி காரை ஓட்டிக்கொண்டு போய் அக்கரையில் நிறுத்துவாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாலத்தின் தரத்தைச் சோதிக்க வந்த பொதுப்பணித்துறை இன்ஜினியர் மாதிரி நடந்து போய் மறுபடி ஏறிக்கொள்வேன்.

நடக்கும்போது பயமே கிடையாது, அதுதான் வேடிக்கை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிக்கூடப் பார்ப்பேன். கதவைச் சாத்தி பெல்ட்டை மாட்டிக்கொண்டு போனால்தான் உள்ளங்கை வியர்த்து, காது அடைத்து, இந்தக் கார் தானாகவே இடது பக்கம் திரும்பிப் பாயப் போகிறது என்று தோன்றும். இதைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டவற்றில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். என் பயத்துக்கு ஒரு கிரேக்கப் பெயர் இருப்பது தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகும் பயம் அதே இடத்தில்தான் இருந்தது. அப்படி ஒன்றும் காட்டாறுகள் ஓடும் ஊரும் அல்ல எங்களுடையது. கிழக்குப் பாலக்காட்டில் வருசத்தில் பாதி நாள் ஆற்றில் மணலும் கோரையும்தான். அந்த மணலில் மூழ்கிவிடுவேன் என்றுதான் நான் பயந்தேன்.

முன்பெல்லாம் நான்தான் கார் ஓட்டினேன். ஒரு நாள் வாளையாரைத் தாண்டிய நெடுஞ்சாலையில், ஒரு பாலத்தின் நடுவில் என் கால் பிரேக்கை மிதித்ததோடு சரி, அப்புறம் எடுக்க மறுத்துவிட்டது. பின்னால் சிமென்ட் லாரிகள் வரிசையாக நின்று, எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் என்னைத் திட்டின. கடைசியில் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து எங்கள் காரை அக்கரை சேர்த்தார். அடுத்த வாரம் என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

அவள் பெருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது வேலந்தாவளம் பக்கம் ஒரு பாலத்தில். நான் வழக்கம்போல நடந்து அக்கரை சேர்ந்தபோது, சந்தையிலிருந்து கன்றுக்குட்டி ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் கார் ஜன்னலருகே நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, என்ன கோவமா இருந்தாலும் ஊட்டுக்குப் போயி வெச்சுக்கலாமுங்க. இப்படி நடுரோட்டுல எறக்கி உட்டா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

'அவருக்குப் பாலம்னா பயமுங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விசயம் முடிந்திருக்கும். அந்தப் பெரியவர் சிரித்திருப்பார், கன்றுக்குட்டியும் சிரித்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்:

"கோவத்துல எறங்குங்கன்னு சொல்லிப் போட்டனுங்க. இனிமே அப்படிச் செய்ய மாட்டனுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கொஞ்சம் வாயக் கொறச்சுக்கோங்க மாப்ள."

குறைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு, புருசனை ரோட்டில் இறக்கிவிடுகிற பெண் என்று சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. விசேச வீடுகளில் வயதான பெண்கள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வருவாள். நான் பக்கத்துப் பந்தியில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தன் கெட்ட பெயரைக் கொண்டு என் மானத்தை மூடி வைத்தவளைப் பற்றி நான் வேறென்ன சொல்ல?

இனி என் அக்கா. சாந்தன்பாறையில் ஏலத்தோட்டக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே போக வேண்டுமென்றால் எத்தனை பாலம் என்பதை நான் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யோசிக்கவில்லை. அவள் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டியவன், காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். பாலத்தைப் பற்றி அக்காவிடம் சொல்ல வெட்கம். 'என்ர தம்பிக்கு நான் வேண்டாதவளாப் போயிட்டேன்' என்று அவள் என் மனைவியிடம் போனில் அழுதாளாம்.

இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

"நீ வந்துதான் கட்டோணும்" என்றாள் அக்கா. "வரலீன்னா எனக்குக் கூடப் பொறந்தவனே இல்லீன்னு வெச்சுக்கறேன்."

விடியற்காலையில் கிளம்பினோம். பொள்ளாச்சி வரைக்கும், உடுமலை வரைக்கும் ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி நடந்தேன். சின்னாற்றுக் காட்டுக்குள் நுழையும்போது வனக்காவலர் ஜன்னலில் குனிந்து சொன்னார்: "சாரே, வழியில எங்கயும் எறங்கான் பாடில்லா. ஆனை உண்டு." இறங்கவே கூடாதாம்.

கொஞ்ச தூரத்தில் வந்தது பாலம். கீழே பள்ளம், பாறைகள், அந்தப் பாறைகளின் மேல் நிஜமான தண்ணீர். இரண்டு பக்கமும் காடு. அவள் காரை நிறுத்தினாள். யானை என்றால் ஓடித் தப்பிக்கவாவது இடமிருக்கும் என்று ஒரு கணம் நான் கதவில் கை வைத்ததை மறைக்க விரும்பவில்லை.

"திருப்பு அம்மிணி. போடி வழியாப் போயிரலாம்."

"அந்த வழியில பாலமே இல்லீங்களா?"

இருந்தன. நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன்.

"சுத்திப் போனா ராத்திரி ஆயிருமுங்க. பட்டத்துக்கு நேரம் தாண்டிரும். உங்கக்கா வாசல்லயே நின்னுட்டு இருப்பாங்க."

நான் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் கியரைப் போட்டாள்.

"ஏனுங்க, எங்கண்ணனைப் பத்திப் பத்திரிகையில எழுதுனீங்களே, அது எதுக்குங்க?"

கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மைத்துனரைப் பற்றி எப்போதோ ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதியிருந்தேன். நிறைய பேர் பாராட்டிய கட்டுரை.

"இப்ப எதுக்கு அது? நான் பேரே போடலையே!"

"பேரு போடலீங்க. மீசையைப் போட்டீங்களே. நம்ம சித்தூர் தாலூகாவுல அந்த மீசை வேற யாருக்குங்க இருக்குது?"

"நகைச்சுவைன்னா கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்வாங்க!"

"அது வந்ததுல இருந்து அண்ணன் எந்த விசேசத்துலயும் இலையில உக்கார்றதில்லீங்க. மொய் வெச்சுப் போட்டு, வெத்தல பாக்கு வாங்கிட்டு வந்தர்றாரு. உங்க ஊட்டாளுக யாரைப் பத்தியாவது அப்படி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?"

நான் இருக்கையில் முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். கை நீட்டிக் கத்தினேன். "இலக்கியம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. எங்கண்ணன் பசியோட ஊடு திரும்பறது தெரியுமுங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று வாயைத் திறந்தபோதுதான் கண்ணாடியில் பார்த்தேன். பாலம் எங்களுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

மீதிப் பாலங்களை வழக்கம்போல நடந்தே கடந்து போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், சின்ன வயதில் செய்வது போல. நேரம் தப்பாமல் பட்டத்தைக் கட்டினேன். முடிச்சு சரியாகத்தான் விழுந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், பயம், பொய்க் காய்ச்சல் எல்லாம். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் கேட்க, என் மனைவியின் சாமர்த்தியத்தையும் விவரித்தேன். டாக்டர்களுக்கும் புத்தகங்களுக்கும் தோன்றாத வைத்தியம், ஒரு சண்டையை இழுத்து, அதில் என்னை மாட்டிவிட்டு, எனக்கே தெரியாமல் அக்கரை சேர்த்துவிட்டாள் என்றேன். எல்லோரும் அவளை வியந்து பார்த்தார்கள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"வைத்தியமா? ஆனை நிக்குதான்னு பாத்துட்டே ஓட்டுனதுல பாலம் எப்ப போச்சுன்னே நான் பாக்கலீங்க. எங்கண்ணனைப் பத்திக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க."