ஜாவா குளிர்காய நேரம் வேண்டும்

குன்னூர்ப் பக்கத் தேயிலை ஃபேக்டரிக்கு நான் எழுதிக் கொடுத்த, இலை எடை பதியும் கம்ப்யூட்டர் புரோகிராம் நத்தையாக ஊர்கிறதாம். இன்று காலை ஓடினேன்.

வாசலில் இலை மூட்டைகளோடு நீண்ட வரிசை.

“இன்னைக்கும் சரியாகலைன்னா பழையபடி நோட்டுலயே எழுதிக்குவோமுங்க” என்றார் கிளார்க் ஸ்டெல்லா அக்கா.

பார்த்தால், ஒவ்வொரு மூட்டைக்கும் புரோகிராமைத் திறந்து, எடையைப் பதிந்து, உடனே மூடுகிறார்!

“தேயிலை விலை கெடக்குற கெடப்புல எதையும் சும்மா ஓட விட்டு கரண்ட் செலவு பண்ணக் கூடாதுன்னு முதலாளி உத்தரவுங்க.”

“அக்கா, இது ஜாவாங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதுனது. எந்த வேலை திரும்பத் திரும்ப வருதுன்னு ஓடும்போதே கவனிச்சு, அதை வேகமாக்கிக்கும். மூடுனா எல்லாம் மறந்துரும்.”

திறந்தே வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வரிசை மளமளவென நகர்ந்தது.

“உங்களையாட்டவே எழுதி வெச்சிருக்கீங்க. நீங்களும் மூணு டீ, நாலு ஊர்க்கதை ஆனாத்தானுங்களே வேலையத் தொடுவீங்க?” என்றார் அக்கா.

வரிசையே சிரித்தது. மறுக்க வாயெடுத்தேன், கையில் மூன்றாவது டீ.

உங்களுக்கு எத்தனையாவது டீயில் வேகம் பிடிக்கும்?