மூலை அறைக் கட்டில்

லிமனாகியில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று படகுக்காரனைக் கேட்டால், இரண்டு கேள்விக்கும் ஒரே பக்கம்தான் கையைக் காட்டுவான். துறைக்கு இடது கைப்பக்கம், மணலை ஒட்டி நிற்கிற நீலக் கதவு வீடு. கீழே சமையற்கட்டு, அதற்கு வெளியே மர நிழலில் ஆறு மேசைகள். மேலே மூன்று அறைகள். வேறு இடமே இல்லை என்று சொல்ல முடியாது, தெஸ்பினாவின் காப்பிக்கடை இருக்கிறது. ஆனால் அங்கே போனால் வயிறு நிறையாது, காதுதான் நிறையும்.

நீலக் கதவு வீடு ஸெவாஸ்தியுடையது. எங்கள் கிரேக்கத் தீவில் வீடு பெண் வழியாகத்தான் வரும். ஆண்ட்ரிகோஸ் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு மீன்படகோடும் இரண்டு சட்டையோடும் வந்து குடியேறினான். கட்டிலும் அவள் சீதனம்தான். பித்தளைக் குமிழ் வைத்த பெரிய இரும்புக் கட்டில். கப்பல் துறைக்குள் வரமுடியாமல் வெளியே நின்றுவிட, இரண்டு மீன்படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் குறுக்காகப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மூலை அறையில் ஜன்னலுக்கு எதிரே போட்டார்கள். அதில் படுத்தால் தலையைத் தூக்காமலே கடல் தெரியும்.

அந்தக் கட்டிலில் அவர்கள் கோடையில் படுத்தது முதல் ஏழு வருஷம்தான்.

எட்டாவது வருஷம் ஆகஸ்டு மாதம், ஹாலந்திலிருந்து வந்த ஒரு ஜோடி கடைசிப் படகைத் தவறவிட்டு மணலில் துண்டை விரித்துக்கொண்டிருந்தது. யோஸ்ட், அவன் மனைவி ஹன்னா. ஆண்ட்ரிகோஸ் பார்த்துவிட்டான். எங்கள் பேச்சில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான். அவனுக்கு அதில் இரண்டாவது அர்த்தம் மட்டும்தான் தெரியும். வேறு எதில் கருமியோ தெரியாது, 'இல்லை' என்று சொல்வதில் மகா கருமி.

"ஸெவாஸ்தி, விரிப்பை மாத்து" என்று கீழிருந்தே குரல் கொடுத்தான்.

"எதுக்கு?"

"விருந்தாளி வந்திருக்காங்க."

"அவங்க இங்க படுத்தா நாம எங்க படுக்கறது?"

"கீழ இடமா இல்ல?"

கீழே இடம் என்றால் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறை. வலையும் எண்ணெய் டின்னும் வெங்காயச் சரமும் போக மிச்சமிருந்த தரையில் இரண்டு பேரும் படுத்தார்கள். ஓர் இரவுக்கு என்று வந்தவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள். மறு வருஷம் அவர்கள் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். பக்கத்தில் இரண்டு அறைகள் கட்டினார்கள், மேசை போட்டார்கள், பிழைப்பு அதுவாகிவிட்டது. மே கடைசியில் உடுப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு கீழே இறங்குவதும் செப்டம்பர் முடிந்ததும் மேலே ஏறுவதும் வழக்கமாயிற்று. இருபத்தாறு வருஷம் இப்படி.

"நாம குளிர்காலத்துப் புருஷன் பெண்டாட்டி" என்று ஸெவாஸ்தி சொல்லிக் காட்டுவாள். ஆண்ட்ரிகோஸ் சிரிப்பான். அவள் பாதிதான் சிரிப்பாள்.

ஹாலந்துக்காரர்கள் மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை. ஆகஸ்டு முதல் தேதி வருவார்கள், மூன்று வாரம் இருப்பார்கள். எங்கள் பேச்சையும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். வந்ததும் வராததுமாக ஹன்னா கேட்கிற முதல் கேள்வி, "எங்க அறை எப்படி இருக்கு?" எங்க அறையாம். ஸெவாஸ்தி சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பாள். நல்லவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தச் சொல் ஒவ்வொரு வருஷமும் அவளைச் சுருக்கென்று குத்தும்.

இந்த வருஷம் வசந்தத்தில் ஆண்ட்ரிகோஸ் மெலியத் தொடங்கினான். சாப்பாடு இறங்கவில்லை. ஏதென்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்றுக்குள் வைத்தியம் எட்டாத இடத்தில் கட்டி என்றார் டாக்டர். கோடை தாண்டுவது கஷ்டம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது கப்பலில் ஆண்ட்ரிகோஸ் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான். "நம்ம கட்டில்ல படுத்துக் கடலைப் பாத்துக்கிட்டே போயிடணும். வேற ஒண்ணும் வேணாம், ஸெவாஸ்தி."

முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

மே கடைசி வந்தது. ஸெவாஸ்தி சாக்கை எடுக்கவில்லை. மூலை அறை இந்த வருஷம் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவன் தலையணையில் சாய்ந்தபடி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வருவது யார் படகு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மேசைகளைக் கவனித்துவிட்டு சூப்பை எடுத்துக்கொண்டு மேலே ஓடுவாள். இரவு பக்கத்தில் படுப்பாள். சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு நல்ல நாட்கள் என்று சொன்னால் பாவம். ஆனாலும் நல்ல நாட்கள்தான்.

ஜூலை கடைசி வாரம் ஃபோன் அடித்தது. அவள் கீழே நவரை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஃபோனை எடுத்தது ஆண்ட்ரிகோஸ். ஜன்னல் வழியே அவன் பழைய குரல் கேட்டது: "உங்களுக்கு இல்லாமலா? வாங்க, வாங்க!"

அவள் கரண்டியும் கையுமாக மேலே ஓடினாள். "யாரு?"

"யோஸ்ட். ஒண்ணாந் தேதி வராங்களாம்."

"எங்க தங்குவாங்க? மத்த ரெண்டு அறையும் குளிர்காலத்துலயே சொல்லி வெச்சது. உனக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் விருந்தாளிக்குக் குடுத்துட்டியா?"

"நான் கீழ போயிடறேன்."

"செத்தாலும் விடமாட்டேன்."

"சாகறவன் நான்" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஆண்ட்ரிகோ. வேற எங்கயாவது போயிடுவாங்க."

"அதனாலதான் சொல்லக்கூடாதுங்கறேன். இருபத்தாறு வருஷமா வராங்க. சாகப்போறவன் வீடுன்னு தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு வாய் இறங்குமா? மூணு வாரம்தானே? கட்டில் எங்க ஓடிடப்போகுது? அவங்க போனதும் மேல ஏறிடறேன்."

"டாக்டர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். மூணு வாரம் தாங்குவேன்."

பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை அவன். மாதா படத்தின் மேல் அவள் கையை வைத்து, அவர்களிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து, தானே கீழே இறங்கினான்.

ஒன்றாம் தேதி சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டு மர நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"ஆண்ட்ரிகோ! ரொம்ப மெலிஞ்சிட்டீங்க!" என்றாள் ஹன்னா.

"இவ சோறு போடறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஸெவாஸ்தி உள்ளே போய்ப் பாத்திரம் துடைக்கிற துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் தினமும் மத்தியானம் அரைமணி நேரம் அப்படி வந்து உட்கார்ந்தான். அப்புறம் அதுவும் முடியவில்லை. கேட்டவர்களிடம் இடுப்புப் பிடிப்பு என்றாள். சாமான் அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு, பின்பக்கச் சுவரைப் பார்த்து. பத்தடியில் கடல் இருந்தது. அவனுக்குத் தெரிந்தது சுண்ணாம்பு.

"இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேட்பான்.

"இருக்கு."

"என்ன நிறம்?"

"நேத்து நிறம்தான்."

"உன்னைப் போய்க் கேட்டேன் பாரு."

அவளுக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. அடுப்பில் வாணலியை விட்டுவிட்டு வெளியே ஓடி, நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, "தெற்கால கொஞ்சம் கருப்பா இருக்கு, பாறைகிட்ட பச்சை" என்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

வெளியே மேசைகள் நிரம்பி வழிந்தன. இரவெல்லாம் மண்சட்டியில் வெந்த கொண்டைக்கடலை, திராட்சை இலையில் பொதிந்த சோறு, கரியில் வாட்டிய பேய்க்கணவாய். சாப்பிட்டவர்கள் விரலைச் சப்பிக்கொண்டு, லிமனாகியில் சாப்பிட்டால் ஸெவாஸ்தி கையால்தான் சாப்பிட வேண்டும் என்றார்கள். அவள் மாதா திருவிழாவுக்கு முந்தின நோன்பில் ரொட்டியும் ஆலிவ்காயும் தின்றுகொண்டு பரிமாறினாள்.

சொல்லிவிடலாம் என்று ஒரே நாளில் மூன்று முறை மாடி ஏறினாள். மூன்று முறையும் கதவைத் தட்டியதும் சத்தியம் ஞாபகம் வந்தது. "துண்டு மாத்த வந்தேன்" என்றாள். ஹன்னா ஒன்றும் புரியாமல் மூன்றாவது துண்டையும் வாங்கிக்கொண்டாள்.

மாதா திருவிழா முடிந்த மறுநாள் காலை தெஸ்பினா பின்வாசல் வழியாக வந்து ஆண்ட்ரிகோஸை எட்டிப் பார்த்தாள். நாக்கு நீளமானவள், ஆனால் அன்றைக்கு உள்ளே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வெளியே வந்து ஸெவாஸ்தியின் கையைப் பிடித்தாள்.

"அவங்க போக இன்னும் அஞ்சு நாள் இருக்கு, அதுவரைக்கும் தாங்காதுடி. போய்ச் சொல்லிடு."

"மாதா மேல கை வெச்சிருக்கேன்."

"மாதாவும் மகனைப் பறிகொடுத்தவதானே? மன்னிப்பா, போ."

மத்தியானம் கடைசி மேசை எழுந்ததும் ஸெவாஸ்தி மாடி ஏறினாள். கையில் துண்டு இல்லை. யோஸ்ட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அது என் புருஷன் கட்டில்" என்றாள். "அவன் கீழ செத்துக்கிட்டிருக்கான். இதுல படுக்கணும்னு ஆசைப்பட்டான்."

ஹன்னா வாயைப் பொத்திக்கொண்டாள். யோஸ்ட் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல, ஸெவாஸ்தி அம்மா? எனக்கு இந்தப் படியே ஏற முடியல. முட்டி போச்சு. நகரத்துல லிஃப்ட் இருக்கற ஹோட்டல்ல தங்கலாம்னு ஹன்னா சொன்னா. அதைச் சொல்லத்தான் ஃபோன் பண்ணேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, வாங்க வாங்கன்னார். அவ்வளவு சந்தோஷம். வரலன்னா அவர் மனசு உடைஞ்சிடும்னு வந்தோம்."

ஸெவாஸ்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது. பதினாறு நாள். இரண்டு நல்ல மனுஷர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, வேண்டியவனுக்குக் கிடைக்காமல் ஒரு கட்டிலைப் பாழாக்கியிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. சத்தியத்தைக் கட்டிக்கொண்டு அழுத தன் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது.

பத்து நிமிஷத்தில் அறை காலியாயிற்று. ஹன்னாவே அழுதுகொண்டு புது விரிப்பு விரித்தாள். படகுக்காரனும் அவன் தம்பியும் ஆண்ட்ரிகோஸை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். தலையணை உயர்த்தி, ஜன்னல் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள். கடல் முழுசாகத் தெரிந்தது. காற்றே இல்லை.

"ஆண்ட்ரிகோ, பாரு. கடல்."

அவன் கண் திறந்துதான் இருந்தது. ஜன்னல் பக்கம்தான் இருந்தது. ஆனால் பார்வை கையெட்டும் தூரத்தில் எதிலோ முட்டி நின்றுவிட்டது.

"இன்னும் எத்தனை நாள்?" என்றான்.

"நாள் எல்லாம் முடிஞ்சுபோச்சு. மேல வந்துட்டோம். இது நம்ம கட்டில்."

"கத்தாதே." உதடு மட்டும்தான் அசைந்தது. "மத்தியான நேரம். மேல விருந்தாளிங்க தூங்கறாங்க."

"யாரும் தூங்கல ஆண்ட்ரிகோ. நீதான் மேல இருக்கே. தொட்டுப் பாரு." அவன் கையை எடுத்துக் கட்டில் கம்பியில் வைத்தாள். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை.

"மெதுவா, ஸெவாஸ்தி. அவங்க போகட்டும். அப்புறம் மேல போலாம்."

தோளைப் பிடித்து உலுக்கி, நீ கேட்டது இதுதானே, கடலைப் பாரேன் என்று அலற வேண்டும் போலிருந்தது. அவன் முகத்தில் கவலை தெரிந்தது. யாரோ விழித்துக்கொள்வார்களே என்ற கவலை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி. அவங்க போகட்டும். அப்புறம் போலாம்" என்றாள்.

சாயங்காலம் கோவிலில் அவனுக்காகச் சாவு மணி அடிக்கத் தொடங்கியபோதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தெற்கே கருப்பு, பாறையோரம் பச்சை என்று அவன் காதருகே சொல்லிக்கொண்டிருந்தாள், மேலே யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல மெதுவாக.