பத்து பெரண்டாமிலிருந்து ஜெலுத்தோங்குக்கு மாமன் மாலை

ஞாயிறு காலை ஐந்தரைக்கு குருபோங்கில் என் வீட்டு வாசலிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. ஒன்றில் என் தம்பி மாரிமுத்து, குடும்பத்தோடும் சீர்த் தட்டுகளோடும். இன்னொன்றில் நான், மாலைப் பெட்டியோடு, பக்கத்திலிருக்கும் பத்து பெரண்டாம் விமான நிலையத்துக்கு. இருவரும் போய்ச் சேர வேண்டியது ஒரே இடம்: பினாங்கு, ஜெலுத்தோங்கில் ஒரு மண்டபம். எங்கள் தங்கை மகளுக்குப் பதினொரு மணிக்கு முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். மூத்த மாமன் நான். நான் இல்லாவிட்டால் அந்த மரியாதை தம்பிக்குப் போய்விடும்.

"அண்ணே, பேசாம கார்ல ஏறுங்க லா. பிளேன் லேட்டாச்சுன்னா வழியில ஒரு மாலை வாங்கி நானே போட்டுருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

"நீ வழியில தாப்பாவுல நாசி லெமாக் சாப்பிடறப்ப நான் பினாங்குல இறங்கியிருப்பேன், போடா!"

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். இன்று பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகள் எட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஷிப்ட் முடியாமல் நாங்கள் ஊரைவிட்டு நகர முடியாது. அதனால்தான் கல்யாணத்தன்றே பயணம். படித்தவர்கள் தூரத்தைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். நான் சுவரில் தொங்கும் மலேசியப் படத்தில் நூல் வைத்து அளந்தேன். சாலையோடு வளைத்தால் ஐந்நூறு கிலோமீட்டர், இழுத்துப் பிடித்தால் நானூறு. அந்த நானூறுக்கு விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். டிக்கெட் 189 வெள்ளி.

காலை 5.50. விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மாலையைப் பார்த்ததும், "பக்சிக்குக் கல்யாணமா?" என்று மலாயில் கேட்டாள். பக்சி என்றால் மாமா. "இந்த வயசுல யாரும்மா குடுப்பா?" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

7.30க்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஒன்பதுக்குத்தான் என்றார்கள். 8.45க்குத் தம்பி அழைத்தான்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"பத்து பெரண்டாம்லதான்."

"இன்னுமா! நாங்க தாப்பா தாண்டியாச்சு. நாசி லெமாக் நல்லா இருந்துச்சு."

மனசுக்குள்ளேயே நூலை இழுத்துப் பார்த்தேன். அவனுக்கு இன்னும் இருநூறு, எனக்கு முழு நானூறு. மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதுக்கு விமானத்தின் இறக்கை விசிறி சுற்றியது. 10.10க்குப் பினாங்கின் பாயான் லெப்பாசில் தரை தொட்டோம். டாக்சிக்கு 25 வெள்ளி. 10.40க்கு மண்டப வாசலில் இறங்கினேன். தங்கை ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களாண்ணே! ஐயர் ரெண்டு தடவ மாமன் எங்கன்னு கேட்டுட்டாரு. சின்னண்ணன் பினாங்குப் பாலத்துல ஜாம்ல நிக்கிறாராம்!"

10.55. என் கையால் மாலை போட்டேன், ஒரு பூகூட உதிரவில்லை. கெட்டிமேளம் முழங்கி முடிந்து, 11.20க்குத்தான் தம்பி சீர்த் தட்டுகளோடு படியேறினான்.

"சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு எனக்குத் திரும்பும் விமானம். நானோ தம்பி காரின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, டிக்கெட் இருக்குல்ல?"

"இருக்கு. ஒரு மணி பத்து நிமிஷத்துல இந்தக் கதைய உனக்கு எப்படிடா சொல்லி முடிக்கிறது?"

ஐந்நூறு கிலோமீட்டர். குருபோங்கில் கார் வந்து நின்றபோது, கதையில் நான் இன்னும் ஜெலுத்தோங் போய்ச் சேரவில்லை.