கண்டியில் கடல் விற்கிறேன்

கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு அடி உயரத்தில் கடல் விற்பதுதான் என் தொழில். கண்டி நகரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், உப்புநீர் மீன்தொட்டி அமைத்துக் கொடுக்கும் சின்னக் கடை எனக்கு இருக்கிறது. விலங்கியல் படித்தவளுக்கு டீச்சர் வேலை கிடைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். கப்பியும் தங்கமீனும் விற்கிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நான் உப்பையும் சூட்டையும் அளந்துகொண்டு, எந்த வாடிக்கையாளர் எந்த நேரத்தில் போன் பண்ணி "மீன் ஒரு மாதிரி கிடக்குது" என்று சொல்வாரோ என்ற பயத்திலேயே வாழ்கிறேன்.

வீட்டில் மீன்தொட்டி வைத்து நொந்து போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே வருவதெல்லாம் ஒரே ஒரு தொட்டி பட்ட பாடு: நாலடி நீளம், இரண்டு கோமாளி மீன், அவை குடியிருக்க, பூ மாதிரி விரியும் ஒரு கடல் பிராணியான கடற்சாமந்தி. அலவத்துகொடயில் ஒரு வீட்டு ஹாலில் தொடங்கிய அந்தத் தொட்டி, கடலை இனி ஜென்மத்துக்கும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒரு சுழியோடியின் முன்னால் போய் நின்றது. அவர் பார்ப்பாரா மாட்டாரா என்பதில் ஒரு குடும்பம் எங்கே வாழ்வது என்பதே தொங்கிக்கொண்டிருந்தது.

ஊற்ற ஊற்ற உப்பு

முதலில் தொட்டியின் சொந்தக்காரர். ஹாஜியாருக்கு வீடு அலவத்துகொடயில், ஹார்ட்வெயார் கடை அக்குறணையில். தொட்டி வைத்து ஒரு மாதம் ஆனதும் மீன்கள் மூலையில் ஒதுங்கிவிட்டன என்று கூப்பிட்டார். போய் அளந்து பார்த்தால் உப்பு எகிறிக் கிடக்கிறது. விசாரித்தேன். தண்ணீர் ஒரு விரற்கடை குறையும்போதெல்லாம், நான் கொடுத்த உப்பை ஒழுங்காகக் கரைத்து ஊற்றியிருக்கிறார். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், குறைந்ததற்கு வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். தப்பு என்னுடையது. ஆனாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்; தொழிலில் அதுவும் தேவை.

அவர் விடவில்லை. கடலுக்கு யார் உப்புப் போட்டது என்று கேட்டார். மலையில் பெய்கிற மழை பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, ஆறுகள் அதை நாக்குக்குத் தெரியாத அளவில் கடலுக்குக் கொண்டுபோகின்றன, கடலிலிருந்து தண்ணீர் மட்டும் மேலே திரும்புகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது, இப்படிக் கோடிக்கணக்கான வருடம் என்று சொன்னேன். மகாவலி ஆறு திருகோணமலையில் கடலோடு போய்ச் சேர்வதையும், அவர் கடைக்குப் பக்கத்தில் ஓடும் பிங்கா ஓயா மகாவலியில் விழுவதையும் சேர்த்துச் சொன்னேன். ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப தங்கச்சி, மழைக்கு எங்கட கடைக்குள்ள பூந்து போற அந்தத் தண்ணி, அங்க உப்பா கொண்டுபோய்க் குடுக்கிதா? கடல்ல எங்கட பங்கும் ஈக்கி!"

பெருநாள் கழுவல்

பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி ஹாஜியாரின் மனைவி ரஸீனா ராத்தா வீடு முழுக்கக் கழுவினார். திரைச்சீலை, ஜன்னல், அலுமாரிக்கு மேல் பக்கம், எல்லாம். கடைசியில் கண் தொட்டிக்குள் போனது. உள்ளே இருந்த கற்களில் பழுப்பும் ஊதாவுமாக என்னவோ படிந்திருந்தது. அவற்றை வெளியே எடுத்து, சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் அலசி, பளபளவென்று திரும்ப வைத்துவிட்டார். அந்தப் படிவில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீன் போடும் கழிவு விஷமாக மாறாமல் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் கல்லில்தான் குடியிருக்கும். கடலுக்கும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத துப்புரவுத் தொழிலாளர்கள் இல்லாவிட்டால் அத்தனை பெரிய கடலும் ஒரு நாள் நாறிப்போகும்.

பெருநாள் அன்று, வட்டிலப்பம் சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் முன்னால் மீன்கள் மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்தன. நான் ஓடிப்போய் இரண்டையும் கடற்சாமந்தியையும் வாளியில் அள்ளிக் காப்பாற்றினேன். வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் ராத்தா பெருநாள் சேலையோடு சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. ஏன் ராத்தா இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நான் என்ன செய்ற தங்கச்சி, பெருநாளுக்கு வார ஆக்கள் உங்கட கடல் ஊத்தையா ஈக்கி எண்டு சொல்லுவாங்களே!"

சுவர் பார்த்த கதிரை

மீன் சாவதைப் பார்க்கும் மனத்தெம்பு இனி இந்த வீட்டுக்கு இல்லை, நோயாளிகள் இருக்கும் இடம் ஏதாவது பார்த்துக் கொடுத்துவிடு என்றார் ஹாஜியார். கெலிஓயாவுக்கு அப்பால், முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன நிலையம் இருந்தது. அங்கே பயிற்சி கொடுக்கும் சாந்தி மிஸ் எனக்குப் பழக்கம். அவர் பயிற்சி ஹாலில் இடம் ஒதுக்கித் தந்தார். லொறியில் ஏற்றிப்போய், தண்ணீர் கலந்து, புதுக் கற்களில் அந்தப் பாக்டீரியா குடியேறும்வரை சில வாரம் காத்திருந்து, அதுவரை கடையில் வைத்திருந்த மீனையும் கடற்சாமந்தியையும் விட்டேன். விளக்கைப் போட்டதும் சக்கரக் கதிரைகள் எல்லாம் கிட்ட வந்தன. ஒன்றை மட்டும் அதிலிருந்தவரின் மனைவி தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து நிறுத்தினார்.

அவர் மரியதாஸ், மன்னார்ப் பக்கத்துக் கரையில் கடலுக்கு அடியில் மூழ்கிக் கடலட்டை பிடித்த சுழியோடி. வயது நாற்பதுக்குள். ஒரு நாள் ஆழத்தில் காற்றுத் தீர்ந்து, அவசரமாக மேலே வந்ததில் இரண்டு காலும் அசையாமல் போய்விட்டன. கைக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவர் கையைத் தூக்கவும் மாட்டார், கதிரையோடு கட்டும் இடுப்புப் பட்டி இல்லாமல் உட்காரவும் மாட்டார். மனைவி ஜெனிற்றா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "எங்கட வீட்டு வாசலில நிண்டா கடல்தான் அக்கா. வீட்டை வித்திட்டு, கடல்ச் சத்தம் கேக்காத ஊருக்குப் போவம் எண்டு நிக்கிறார். என்ர அம்மா அங்க, நான் படிப்பிக்கிற முன்பள்ளி அங்க. நான் எங்க போறது?" நல்லது செய்யப் போய் வெந்த புண்ணில் உப்புநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டேனே என்று இருந்தது. கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, நான் கடலிட்டத் தப்பி வந்து கிடக்கிறன், நீங்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சு இஞ்ச கொண்டாந்திருக்கிறியள்!"

சோடாப் போத்தல்

வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றப் போவேன். மற்ற நோயாளிகளுக்கு நான் வந்தால் பொழுதுபோக்கு. மோட்டார் சைக்கிளில் விழுந்த ஒரு வங்கி எழுத்தர், தண்ணீருக்குள் போய் வந்தவருக்கு எப்படிக் கால் போகும் என்று என்னிடம் கேட்டார். படித்ததைக் காட்ட இடம் கிடைத்தால் என் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்கும்போதும் மேலே இருக்கும் முழுக் காற்று மண்டலத்தின் கனம் இன்னொரு தடவை தோளில் ஏறும், அந்த அழுத்தத்தில் மூச்சுக்காற்று இரத்தத்தில் கரையும், மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும், சட்டென்று ஏறினால் மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழ் கிளம்பி நரம்பைக் கெடுக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

எழுத்தர் கண்ணால் என் முதுகுப் பக்கம் காட்டினார். திரும்பிப் பார்த்தால், சுவர்ப் பக்கக் கதிரை நாலடி தூரத்தில்தான் நிற்கிறது. எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அவர் கோபப்படவில்லை.

"சரியாத்தான் சொன்னியள் தங்கச்சி. ஆனா சோடாவுக்கு நோகாது."

வாய்க்கால்

அதற்குப் பிறகு அங்கே பாடம் நடத்துவதை நான் விட்டுவிட்டேன். போதாததற்குக் கடற்சாமந்தி விரிய மறுத்தது, கையை இறுக்கி மூடின மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. உப்பு சரி, சூடு சரி, வெளிச்சம் சரி. மீன்கள் வீடு பூட்டிக் கிடக்கிற குடித்தனக்காரர் மாதிரி அதைச் சுற்றி அலைந்தன. நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த மரியதாஸ், சுவரைப் பார்த்தபடியே, தொட்டிச் சத்தம் பிழை என்றார். எந்தச் சத்தம் என்றேன். "மோட்டரைப் பூட்டின நாளில இருந்து தண்ணி ஒரே பக்கமா ஓடிற சத்தம்தான் கேக்குது. உது கடல் இல்லை, வாய்க்கால். கடல் எண்டா, போன தண்ணி திரும்பி வரவேணும்."

எனக்குத் தலையில் ஒரு குட்டு வைத்தது போல இருந்தது. மலையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் ஒரு பக்கம் ஓடுவதுதான். குழாய் வழியே கொட்டும் பீலியும் அப்படி, ஓடையும் அப்படி, மகாவலியும் அப்படி. போன தண்ணீர் திரும்பி வந்து நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அலையில் தண்ணீர் ஊர்வலம் போவதில்லை, போய்த் திரும்பி ஏறக்குறைய நின்ற இடத்துக்கே வருகிறது என்பதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவள்தான் நான். எழுதினால் போதுமா? மறுநாளே எதிர்ப்பக்கம் இன்னொரு மோட்டாரை வைத்து, இரண்டும் மாறி மாறி ஓடும்படி செய்தேன். அடுத்த நாள் காலை சாந்தி மிஸ் போன் பண்ணினார். கடற்சாமந்தி தட்டு அளவுக்கு விரிந்து, மீன் இரண்டும் உள்ளே படுத்திருக்கிறதாம். நான் சந்தோஷத்தில் கத்தினேன். அவர் சொல்ல வந்தது அது இல்லை.

"அது கெடக்கட்டுங்க மிஸ். இன்னைக்கு அவரு கதிரைய நாங்க யாரும் திருப்பல. அவரே தொட்டிப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

கோப்பை அலை

ஒரு காலை மழையில் கெலிஓயாவில் மரம் விழுந்து, கரண்ட் கம்பியும் அறுந்து, பாதையும் அடைத்துவிட்டது. நான் த்ரீவீலரில் மரத்துக்கு இந்தப் பக்கம், தொட்டி அந்தப் பக்கம். சாந்தி மிஸ் போனில் பதறினார்: மோட்டார் இரண்டும் நின்றுவிட்டன, ஜெனரேட்டரை முதலில் சிகிச்சை இயந்திரங்களுக்குத்தான் கொடுப்பார்களாம். கடல் மூச்சு விடுவது மேல் பரப்பில்தான். அலை உடைந்து நுரைக்கும்போது காற்று தண்ணீருக்குள் கலக்கிறது. அசையாத தொட்டியில் சில மணி நேரத்தில் மீன் திணறத் தொடங்கும். எதையாவது வைத்துக் கலக்கச் சொல்லலாம் என்று நான் திக்கித் திணறும்போது, போனில் வேறு குரல் வந்தது. "நீங்கள் ஆறுதலா வாங்கோ தங்கச்சி. அலையை நான் பாக்கிறன்."

மரத்தை வெட்டி வழி விட மத்தியானம் தாண்டிவிட்டது. ஹாலுக்குள் ஓடினேன். தொட்டியைச் சுற்றி ஆறு சக்கரக் கதிரை. ஆளுக்கொரு தேநீர்க் கோப்பை. மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர். நடுவில் மரியதாஸ் அதட்டிக்கொண்டிருந்தார்: "உயரத் தூக்கி ஊத்துங்கோ! தடவினா காணாது, தண்ணி உடையவேணும்!" வங்கி எழுத்தர் முழுக்க நனைந்திருந்தார். மீன் இரண்டும் உயிரோடு இருந்தன. சாந்தி மிஸ் என் கையைப் பிடித்து, மரியதாஸின் இடுப்பைக் காட்டினார். பட்டி அவிழ்ந்து கதிரையின் பக்கத்தில் தொங்கியது. தொட்டிக்கு எட்டிக் குனியத் தொந்தரவு என்று காலையிலேயே அவரே கழற்றிவிட்டாராம். நாலு மாதமாக ஐந்து தடவை கையைத் தூக்குங்கள் என்று கெஞ்சிய சாந்தி மிஸ், அன்று எண்ணுவதையே விட்டுவிட்டார்.

இரண்டு மணிபோல் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியதும் எல்லோரும் கை தட்டினார்கள். மரியதாஸ் தட்டவில்லை, கோப்பையை மடியில் வைத்துவிட்டு, நனைந்து சுருங்கிய தன் கைகளைப் பார்த்தார். பிறகு தொட்டியை வெகுநேரம் பார்த்தார். சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் வந்து நின்ற ஜெனிற்றா, பட்டி இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் எதற்கு அழுகிறார் என்றுகூட மரியதாஸுக்கு விளங்கவில்லை. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. மரியதாஸ் மட்டும் வேறு யோசனையில் இருந்தார்.

"ஜெனிற்றா, வீட்டை விக்கவேண்டாம். உன்ர அண்ணனிட்டச் சொல்லி ஒரு மேசனைப் பிடி, படியை உடைச்சுப்போட்டு கதிரை இறங்கிறமாதிரிச் சரிவாக் கட்டட்டும். றோட்டுப் பக்கத்துப் படியை இல்லை, கடல் பக்கத்துப் படியை."

மலையில் கடல் செய்து விற்பவளுக்கு, என் கடலைப் பார்த்துவிட்டு அசல் கடலுக்கே திரும்பிப் போய்விட்ட அந்த ஒரு ஆளைவிடப் பெரிய நட்டமும் இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை.