ஈரம் காயாத கடல்

பெரிய மாமா கப்பல் வேலையை விட்டுவிட்டு மேலகரத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் அண்ணன் அவர். வாலிபத்தில் கப்பலேறியவர் தலை நரைத்த பிறகுதான் இறங்கினார். வயல் வாங்குவார், கடை வைப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவர் மாடியறையில் உட்கார்ந்து கடலை வரைய ஆரம்பித்தார்.

நன்றாகவே வரைந்தார். கொச்சியிலிருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிப் போனார்கள். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் ஐந்தருவியை வரைந்து தரச் சொன்னார். மாமா கொந்தளிக்கும் கடலைக் கொடுத்தனுப்பினார். அவரும் மாட்டி வைத்தார். குளிக்க வந்தவர்கள் அது எந்த அருவி என்று கேட்டார்களாம்.

ஒரு படத்தை மட்டும் மாமா யாருக்கும் கொடுக்கவில்லை. பச்சையும் சாம்பலுமாகத் தண்ணீர், வேறொன்றும் கிடையாது. அதன்மேலேயே திரும்பத் திரும்ப வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

“ஒரு கப்பலாவது போடுங்க மாமா” என்றேன்.

“கப்பல்தான் போயிட்டுதே, ஏட்டி” என்றார். படத்தை முடிக்கத் தெரியாமல் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிச் சாரலில் ஒரு மத்தியானம் செங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவரைக் கண்டதும் அத்தை உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாவின் ஒரே மகனை மாமாதான் கப்பலில் சேர்த்துவிட்டிருந்தார். மாமாவின் கடைசிப் பயணத்தில் அவன் கடலில் விழுந்துவிட்டான். கப்பல் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுப் புறப்பட்டது. உடல் கிடைக்கவில்லை. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“நான் ஏச வரல அண்ணாச்சி. அவன் விழுந்த எடம் எப்படி இருக்கும்னு தெரியணும். கண்ண மூடுனா திருச்செந்தூர் கடல்தான் வருது. அங்கன பூரா ஆளுவ குளிச்சிக்கிட்டு நிக்காவ.”

மாமா எழுந்து அவரை மாடிக்குக் கூட்டிப் போனார். அந்த அம்மா தொடாத காப்பியை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

அந்தப் படத்தின் முன்னால் அந்த அம்மா நெடுநேரம் நின்றார்.

“கரை எந்தப் பக்கம்?”

“கரையே கெடையாது தாயி. எங்கன பாத்தாலும் இதான்.”

“தண்ணி ரொம்பக் குளுருமா?”

அந்தக் கடலில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும் என்று மாமா ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“இல்ல தாயி. இந்தச் சாரல் மாதிரிதான்.”

அந்த அம்மா உள்ளங்கையை விரித்துப் படத்திலிருந்த தண்ணீரின்மேல் வைத்தார். “ஐயோ, காயல!” என்று கத்தினேன். மாமா என் தோளை அழுத்தினார். அந்த அம்மா கையை எடுக்கும்வரை அறையில் யாரும் அசையவில்லை.

“படத்தக் கொண்டுபோங்க” என்றார் மாமா. அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டுப் படியிறங்கினார்.

நான் மண்ணெண்ணெய் பாட்டிலும் துணியுமாக வாசலுக்கு ஓடினேன். “சோப்புக்குப் போவாது. இதப் போட்டுத்தான் தொடைக்கணும்” என்றேன். அவர் பச்சை அப்பிய கையை இறுக மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். தெருமுனையில் பஸ் வந்ததும் இடது கையால் கம்பியைப் பிடித்துத் தடுமாறி ஏறினார்.

“அவுங்களுக்கு மண்ணெண்ணெய் நாத்தமே ஆகாது போல” என்று அத்தையிடம் சொன்னேன்.