வேப்பங்கட்டையும் பக்கத்து வீட்டுச் செட்டும்

மரம் வெட்ட வந்தவன் மேல்தான் எனக்கு முதல் கோபம். கொல்லையில் நின்ற வேப்ப மரம் பட்டுப்போய், காற்றடித்தால் கிளை ஒடிந்து விழுகிறதே என்று ஆள் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன். விறகுக்கு ஆகிற பாகத்தை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனான். கேட்டதற்கு, "அது தன்னால மக்கிரும்க்கா" என்றான். வேப்பங்கட்டை மக்குவதற்குள் நான் மக்கிவிடுவேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கக்கூஸ் கொல்லைக் கடைசியில். அதற்குப் போகிற வழியில்தான் இந்தக் கட்டை. இரண்டு முறை தடுக்கி விழுந்தார். இரண்டாவது முறை நெற்றி பிளந்து ஏழு தையல். "இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டார்மா" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பின்னறையோடு ஒட்டி, உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு பாத்ரூம் கட்டிவிட்டால் அவர் கொல்லையில் நடக்கவே வேண்டாம். கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் கட்டையைச் சுற்றி ஒரு சுற்று வந்து, "இதை எடுத்தாத்தான் அஸ்திவாரம் போட முடியும், எடுத்துட்டுச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

எடுப்பது எப்படி? எங்கள் சந்துக்குள் ஜேசிபி வராது. கடப்பாரை பிடிக்கிற ஆளெல்லாம் சீசனுக்குப் பட்டாசுக் கம்பெனி லோடு ஏற்றப் போயிருந்தார்கள். தீபாவளி முடியட்டும் என்றார்கள். அதுவரை என் கணவர் விழாமல் இருக்க வேண்டுமே, அதற்கு யார் பொறுப்பு? கணவரின் தம்பி ஒருவர் இருக்கிறார். எந்தக் காரியத்துக்கும் யோசனை சொல்ல மட்டும் வருவார். "கவலைய விடுங்க மதினி, நடுவுல ஒரு குழி பறிச்சு மண்ணெண்ணெய ஊத்தித் தீய வச்சம்னா நாலு நாள்ல கட்டையே இருக்காது" என்றார்.

"ஏலே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? சுவருக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரியாதா?" என்று கத்தினேன். அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா வீட்டில், எங்கள் சுவரை ஒட்டி ஒரு தகரச் செட்டு. கேட்டால் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறோம் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு வரை அது உண்மை. அதற்குப் பிறகு அங்கே நடப்பது கருந்திரி. நூலில் வெடிமருந்தைத் தோய்த்து, கம்பியில் வரிசையாகக் காயப்போட்டு, கட்டுக் கட்டாக எடுத்து அடுக்குகிற வேலை. லைசென்ஸ் கிடையாது. வீடுகளுக்கு நடுவில் யாரும் லைசென்ஸ் தரமாட்டார்கள். மத்தியானம் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அந்த வாடை என் அடுப்படி வரை வரும்.

நான் யார் தெரியுமா? பட்டாசுக் கம்பெனி ஆபீசில் இருபது வருடம் பாதுகாப்பு ரிஜிஸ்டர் எழுதியவள். 'இரும்புப் பொருள் எதுவும் உள்ளே செல்லவில்லை. ஆட்கள் தாமிரத் தகட்டைத் தொட்ட பின்பே அறைக்குள் சென்றனர். நைலான் உடை இல்லை.' ஒரு பொறிகூடக் கிளம்பிவிடக் கூடாது என்று தினமும் காலையில் என் கையால் எழுதி இருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தச் செட்டுக்கு ஆறடி தள்ளி நின்று துணி துவைத்திருக்கிறேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில் என்பது வேறு யாருக்குச் சொன்ன பழமொழி?

தீ வேண்டாம் என்றுதான் மிஷினைத் தேடினேன். மதுரையில் ஒருவர் அடிக்கட்டையை அரைத்து எடுக்கிற மிஷினை வாடகைக்கு விடுகிறார் என்று கொத்தனார் நம்பர் கொடுத்தார். நம் வீடுகளில் கிரைண்டர் என்றால் இட்லிக்கு மாவாட்டுவது. மரத்தை ஆட்டுகிற கிரைண்டரும் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் ஒழுங்காகக் கேட்டார். கட்டை எவ்வளவு அகலம்? டேப் வைத்து அளந்து, இரண்டரை அடி, வேர் தடித்த இடத்தில் மூன்றரை என்றேன். தரையோடு எடுத்தால் போதுமா, ஆழமாக எடுக்க வேண்டுமா? அஸ்திவாரம் போட வேண்டும், ஆழமாகத்தான். கேட் அகலம்? மூன்றடி. மண்? கரிசல். கல் உண்டா? இல்லை.

"ரெண்டு மிஷின் இருக்குங்கம்மா. சின்னது கையால தள்ளுறது. எந்தக் கேட்லயும் நுழையும், ஆனா இந்தக் கட்டைக்கு ரெண்டு நாள் ஆகும். பெருசு சங்கிலிச் சக்கரத்துல தானா நகரும். கேட்டைக் கழட்டி வைக்கணும், ரெண்டு மணி நேரத்துல முடிச்சிரலாம். ஒரே விஷயம், பெருசுல கல்லு சிக்குச்சுன்னா ரொம்ப தூரம் தெறிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காலிச் செட்டு" என்றேன்.

நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. எங்கள் பக்கத்தில் தெரியாத குரல் ஒன்று, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவராக இருந்தாலும் பதில் 'ஒண்ணுமில்ல'தான். கேட்பவர் சோதனைக்கு வருகிற எந்த ஆபீசோ, யார் கண்டது? பால்குடி மறக்காத பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.

"ஆளுக யாரும் இருக்க மாட்டாகளே?" என்று அவர் இன்னொரு தடவை கேட்டார்.

"காலிதாங்க" என்றேன். "பெருசையே கொண்டு வாங்க."

பெரிய மிஷினைக் கேட்டதற்கு எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு நாள் அந்தச் செட்டுக்குப் பக்கத்தில் மிஷின் ஓடுவதைவிட இரண்டு மணி நேரம் ஓடுவது நல்லது அல்லவா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் டேப் வைத்து அளந்து செய்தேன்.

முதல் நாள் சுவரோரம் நின்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "அக்கா, நாளைக்குக் கட்டையை எடுக்க மிஷின் வருது. சத்தமா இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லையே?"

"எனக்கு என்ன இடைஞ்சல்? அண்ணன் பாவம், எம்புட்டு நாள்தான் அங்கன தடுக்கி விழுவாரு. நல்லபடியா எடுங்க" என்றார்.

இதுதான் எங்கள் பேச்சு. சரக்கு இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, சரக்கை எடுத்து வையுங்கள் என்று நானும் சொல்லவில்லை. மரியாதை! இந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்குக் குட்டியானை வண்டியில் மிஷின் வந்து இறங்கியது. கொழுந்தன் கேட்டைக் கழற்றிச் சுவரில் சாத்திவைத்து, ஏதோ தேரை இழுத்து வந்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார். மிஷின்காரர் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் காதுக்கு அடைப்பும் மாட்டினார். எங்கள் வீட்டுப் பக்கம் தெறிக்காமல் இருக்க இரண்டு பிளைவுட் பலகையை நிறுத்தினார். சுவர்ப் பக்கம் எதுவும் வைக்கவில்லை. ஏன் வைப்பார்? அந்தப் பக்கம் காலிச் செட்டு.

பல் வைத்த சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் கட்டை தூள் தூளாகப் பறந்தது. கசப்பு வாடை கொல்லை முழுக்க நிறைந்தது. என் கணவர் பின்னறை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அரை மணி நேரத்தில் கட்டை தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. சக்கரம் மண்ணுக்குள் இறங்கி, சுவர்ப் பக்கம் போகிற வேரைப் பிடித்தது.

அங்கே கல் இருந்தது. சுவர் கட்டும்போது பள்ளத்தை மேடாக்கக் கருங்கல் சல்லியைக் கொட்டியவர்கள் நாங்கள்தான். அது எனக்கு நினைவே இல்லை. 'கடகட'வென்று ஒரு சத்தம். சக்கரத்தின் அடியில் இருந்து பொறி கிளம்பியது. ஒன்று இரண்டு அல்ல, சாணைக்கல்லில் அரிவாளைப் பிடித்த மாதிரி வரிசையாக. ஒரு கல் எகிறிப் போய்த் தகரத்தில் விழுந்து உருண்டது.

இரும்பும் கல்லும். இருபது வருடம் ரிஜிஸ்டரில் நான் எழுதியது.

கத்தினேன். சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் காதில் அடைப்பு, முதுகு என் பக்கம். துவைக்கிற கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. தூக்கி அப்படியே அவர் மேலும் மிஷின் மேலும் ஊற்றினேன்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ஏம்மா, உங்களுக்குப் பைத்தியமா? கால் உள்ள போயிருந்தா என்ன ஆகும்?"

"அங்கிட்டு கருந்திரி இருக்கு" என்றேன்.

மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் முகத் தடுப்பைக் கழற்றினார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவை கேட்டேனேம்மா" என்றார். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. ரெண்டு தடவை கேட்டேனே."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குள் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. "எதுக்கு இப்படிக் கத்துற? வெளியூர் ஆளு முன்னாடி ஊரைக் கூட்டுறியே, நல்லா இருக்கா?" என்றார். அவருக்குப் பின்னால் செட்டுக் கதவு திறந்து நாலு பெண்கள் வெளியே வந்தார்கள். முழங்கை வரை கறுப்பு. உள்ளே உட்கார்ந்து திரி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அப்போது என் வாயில் வந்ததை எழுத முடியாது. "உள்ள ஆள வச்சுக்கிட்டா எனக்கு இடைஞ்சல் இல்லைன்னு சொன்னீக? நாலு உசிரு உங்களுக்கு என்ன, வெங்காய வெடியா?" என்று கேட்டதுதான் அதில் நாகரிகமானது.

அக்கா அசரவில்லை. "உனக்குத் தெரியாமத்தான் மிஷின் கொண்டாந்தியாக்கும்? தீவாளிக்குத் தீவாளி பெட்டி வாங்கும்போது இந்த வாயி எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வாங்கினேன். வருடா வருடம் அக்கா கொடுக்கிற பட்டாசு கிஃப்ட் பாக்ஸ், சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம் ஏறியது. மிஷின்காரர் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கொழுந்தன் கேட்டை மாட்டுகிறேன் என்று வாசலுக்குப் போனவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். நான் போனை எடுத்துப் போலீசுக்குச் சொன்னேன். பெயரும் தெருவும் கேட்டார்கள். இரண்டையும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே வந்து சரக்கை அள்ளிக்கொண்டு செட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். மறுநாள் முதல் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது என்று இருந்தேன். பத்து நாள் கழித்து அதே மிஷின்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். சின்ன மிஷினைக் கொண்டுவந்தார். நான் சொன்னதை நம்பாமல் அவரே சுவரேறி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கல்லைக் கையால் பொறுக்கிப் பொறுக்கி இரண்டு நாளில் கட்டையை எடுத்துக் கொடுத்தார். பாத்ரூம் எழும்பியது. என் கணவர் அதன் பிறகு விழவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்குள் கொஞ்சம் பெருமை. நாலு உயிரைக் காப்பாற்றினேன் என்று வெளியூரில் இருக்கிற மகளிடம் சொன்னேன், தங்கையிடம் சொன்னேன், மருந்துக் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோவிலுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். செட்டிலிருந்து வெளியே வந்த நாலு பேரில் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். விஸ்வநத்தத்தில் இருந்து வருகிற பெண், முப்பது வயது இருக்கும். நன்றி சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். வேலை போனதற்குத் திட்டினாலும் சரிதான், வாங்கிக்கொள்ளலாம் என்றும் தயாராக இருந்தேன்.

"இப்ப எங்கம்மா வேலை பாக்குற?" என்று கேட்டேன்.

"ஒரு அச்சாபீசுல லேபிள் அடுக்குதேன். அங்கன தீ பயம் இல்ல" என்றாள். பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருசமா அந்தச் செட்டுக்குள்ளதான இருந்தோம், அக்கா. உள்ள செருப்பு ஆகாதுன்னு தெனமும் உங்க வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் போவோம். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? அன்னைக்கு உங்க கொல்லையில பொறி பறக்கவும்தான் நாங்க உள்ள இருக்கது உங்களுக்குத் தெரிஞ்சதாக்கும்?"

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நான் ஏறவில்லை.